சால்வை வேண்டாம், ஒரு நாற்காலி போடுங்கள்

கூடைப்பந்து கிளப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர், பொன்விழாக் குழுவினர் எல்லோருக்கும் வணக்கமுங்க.

உங்கள் அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. போன வியாழக்கிழமை நான் தறிக்குடோனில் நூல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் கிளப்புத் தம்பி ஒருவர் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து, என் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கெட்டித் தாள், தங்க எழுத்து, நடுவில் மெல்லிய காகிதம் வேறு. எங்கள் கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு கனமாக இருக்கவில்லை. "உனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம்" என்று அத்தை முகம் கொள்ளாத சிரிப்போடு நீட்டினார். 2007-ல் தரகரிடம் "அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிற பெண்ணா?" என்று கேட்டவரும் இதே அத்தைதான். அவரைச் சிரிக்க வைத்ததற்கு உங்களுக்கு முதல் நன்றி.

அதன் பிறகு என் பெயரைத் தேடினேன். அழைப்பிதழில் 23 பெயர்கள். நன்கொடையாளர்கள், தொழிலதிபர்கள், முன்னாள் தலைவர்கள், இரண்டு ரோட்டரி தலைவர்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் "முன்னாள் மாநில வீராங்கனைக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தல்" என்று ஒரு வரி. 23 பேரில் ஒரே பெண் நான். என் பெயருக்கு முன்னால் என் கணவரின் இனிஷியல்.

அவர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. ஆனால் அந்த எழுத்தோடு நான் ஒரு பந்தைக்கூடக் கூடையில் போட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஆடிய இரண்டு வருடங்களிலும் ஸ்கோர் ஷீட்டில் என் அப்பாவின் எழுத்துதான் இருந்தது. உங்கள் அலுவலகத்துப் பீரோவில் பழைய ஸ்கோர் ஷீட்டுகளைக் கரையான் விட்டுவைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அழைப்பிதழில் இருக்கிற பெயரை அந்தத் தாள்களில் எங்கேயும் காண மாட்டீர்கள்.

இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் காபி கொடுப்பீர்கள், "அச்சகத்தில் தவறு நடந்துவிட்டது அம்மணி" என்பீர்கள், நானும் சிரித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். முப்பது வருடமாக அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் கிளப்பின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கரூரிலிருந்து பொள்ளாச்சி வரை இதைப் படிக்கிற ஒவ்வொரு கிளப்பும் தன்னைத்தான் சொல்கிறாள் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கிளப்புக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டத்துக்குக் கூட்டம் கூடாது என்று சொல்கிற நாட்டில், கோடை வந்தால் கூடைப்பந்து பார்க்கக் குடும்பத்தோடு வந்து உட்காருகிற ஊர்கள் நம்முடையவை. கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, கரூரில் எல்.ஆர்.ஜி. கோப்பை என்று அகில இந்திய அணிகளை நம் வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் ராணுவ அணியும் ஆடுவதை, கேலரியின் இரும்புக் குழாயில் கால் தொங்கப் போட்டுக்கொண்டு கடலை கொறித்தபடி பார்த்து வளர்ந்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மளிகைக் கடைக்காரர் "மேனை விட்டுவிட்டான் பார்" என்று கத்துவார். சந்தையில் வெங்காயம் விற்கிறவருக்கும் ஜோன் டிஃபன்ஸ், அதாவது ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கிற உத்தி, தெரிந்த ஊர். அந்த அறிவை ஊருக்குக் கொடுத்தது உங்களைப் போன்ற கிளப்புகள்தான்.

நான் பிறந்தது சோமனூர்ப் பக்கம். வீட்டோடு ஒட்டிய குடோனில் நான்கு தறிகள், இரண்டு ஷிப்டு, கூலி நெசவு. தறிக்குடோனில் பிறந்த குழந்தைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "சோறு போடட்டுமா" என்பதைக்கூட எங்கள் வீட்டில் கூவித்தான் கேட்போம். பள்ளியில் டீச்சர்கள் திட்டுவார்கள். 1993-ல் ஏழாம் வகுப்பில், மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நான் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பாயிண்ட் கார்டாக, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவளாக நிற்பவள் மற்ற நான்கு பேரையும் வாயால் நகர்த்த வேண்டும். உயரம் அப்புறம், முதலில் குரல் என்பது அவர் கணக்கு.

அவரை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்து காலை ஆறரை மணிக்கு சைக்கிளில் நேராக ஆடுகளத்துக்கு வருவார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு பைசா வாங்கியதில்லை. எல்லாப் பெண்களும் அவருக்கு அம்மணிதான், பையன்களுக்கு மட்டும் பெயர் உண்டு. "பந்தைப் பார்க்காதே அம்மணி, ஆளின் இடுப்பைப் பார். கண் ஏமாற்றும், தோள் ஏமாற்றும், இடுப்பை வைத்து ஏமாற்ற எவளாலும் முடியாது" என்பார். சனிக்கிழமைகளில் சிமெண்ட் தரையில் யாராவது மக்காச்சோளம் காயப்போட்டிருப்பார்கள். அதை நாங்களே கூட்டி ஒதுக்கிவிட்டு ஆட வேண்டும். எத்தனை கூட்டினாலும் பத்து மணிகள் தப்பிவிடும். அந்த மணியில் கால் வைத்து வழுக்காமல் திரும்பப் பழகியதால்தானோ என்னவோ, பிற்பாடு மழை பெய்து ஈரமான தரைகளிலும் நான் விழுந்ததில்லை.

அப்பா என் ஆட்டத்தை ஒரே ஒரு முறைதான் பார்த்தார். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திய ஒரு கோடை அது. வேலை இல்லாத மனிதருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, வந்துவிட்டார். கேலரியின் உச்சிப் படியில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஜெயித்தோம். வீட்டுக்கு நடந்து போகும்போது பாதி வழி வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ அங்கேயும் கத்திக்கொண்டேதான் இருக்கிறாய்" என்றார். மாநில அணிக்குத் தேர்வானபோது கிடைத்த சான்றிதழ் எங்கே போனது என்று தெரியவில்லை, இந்த வாக்கியம் போகவில்லை.

நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. மாவட்டம், பல்கலைக்கழகம், ஜூனியர் மாநில அணி, பிறகு சீனியர் மாநில அணியில் இரண்டு முறை. அதிலும் பாதி நேரம் பெஞ்ச். இந்தியச் சட்டை எனக்குக் கிடைக்கவில்லை, அதற்கான ஆட்டமும் என்னிடம் இல்லை. என் காலத்தில் ஆடியவர்கள் யார் என்று பாருங்கள். கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடினார், 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. நம் சென்னை அனிதா பால்துரை பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து, 2017-ல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் பி பிரிவை வென்ற அணியில் ஆடியவர். 2021-க்கான பத்மஸ்ரீ பட்டியலில் அவர் பெயர் இருந்தது. உங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிற படங்களில் இந்த இருவரும் இல்லை. மைக்கேல் ஜோர்டான் இருக்கிறார். அவர் நம் ஊருக்கு வந்ததாக நினைவில்லை.

நடுத்தரமான ஆட்டக்காரிக்கு ஒரு வசதி உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். நான் தொடங்கியபோது ஆட்டம் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, பந்து கிடைத்த அணி அதைக் கூடைக்கு எறிய முப்பது விநாடி. 2000-ல் பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால் பகுதி, 24 விநாடி என்று மாற்றினார்கள். மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் மாறிப்போனது. 2004-ல் பெண்களுக்கு மட்டும் பந்தைச் சிறிதாக்கினார்கள். 7-ம் எண் பந்து போய் 6-ம் எண் வந்தது. சுற்றளவில் ஓர் அங்குலம் குறைவு, எடையும் குறைவு. எளிதாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பதினொரு வருடம் கனமான பந்தில் பழகிய மணிக்கட்டுக்கு அது தெரியவில்லையே! ஒரு மாதம் நான் போட்ட பந்தெல்லாம் வளையத்தின் பின்பக்கத்தில் இடித்துத் திரும்பியது. வளையத்தின் உயரத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பத்து அடி.

சட்டை எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் 4 முதல் 15 வரைதான் எண்கள். நடுவர் விரலால் காட்டுவதற்காக அப்படி. நான் 11. நான் ஃபவுல் செய்தால் நடுவர் மேசையைப் பார்த்து வலது கையில் முஷ்டி, இடது கையில் ஒரு விரல் காட்டுவார். டிஃபன்ஸில் கொஞ்சம் முரட்டு ஆள் நான், அதனால் அந்தச் சைகையை ஊர் அடிக்கடி பார்த்தது. சந்தையில் சில பையன்கள் என்னைப் பார்த்தால் முஷ்டியும் விரலும் காட்டுவார்கள். அந்த நாட்களில் என் பெயரைவிட அதுதான் பிரபலம்.

இப்போது கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டும். 1998 முதல் 2013 வரை நான் ஆடிய ஆடுகளங்களில் பாதிக்கு மேல் பெண்களுக்கு உடை மாற்ற இடம் கிடையாது. ஜமுக்காளத்தை நான்கு பேர் பிடித்துக்கொள்ள, நடுவில் நின்று மாற்றுவோம். பவானி ஜமுக்காளம் எதற்கெல்லாம் உதவும் என்று நெய்தவர்களுக்கே தெரியாது. கழிப்பறை இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது. அதனால் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். கத்திரி வெயிலில், நாற்பது நிமிட ஆட்டத்துக்கு முன்னால், வேண்டுமென்றே. மூன்றாவது கால் பகுதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். "பெண்பிள்ளைகளுக்கு ஸ்டாமினா போதாது" என்று கேலரியிலிருந்து யாராவது சொல்வார்கள். மாதவிலக்கு நாட்களில் வெள்ளைக் கால்சட்டை என்பது தனி நரகம். மாஸ்டரிடம் சொல்ல முடியுமா? தங்கமான மனிதர், ஆனாலும் முடியாது. "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்காருவோம். அவரும் புரிந்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அவ்வளவுதான் அந்தக் காலத்து ஏற்பாடு.

2005-ல் என் வலது முட்டி போனது. யாரும் இடிக்கவில்லை. ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கக் குதித்து இறங்கினேன், கால் தரையில் ஊன்றியது, முட்டி உள்பக்கமாக மடங்கியது. தறியில் நாடாவை அடித்துத் தள்ளுகிற பிக்கிங் பட்டை அறுந்தால் ஒரு சத்தம் வரும். அதே சத்தம் என் காலுக்குள் கேட்டது. ஊரில் கட்டு போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்ணெய்க் கட்டு, முட்டைக் கட்டு, ஏழு மாதம். வீக்கம் வடிந்தது, நடந்தேன், ஓடவும் செய்தேன். திரும்பினால் மட்டும் முட்டி நழுவும். கோவையில் ஒரு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏ.சி.எல்., முட்டிக்குள் இருக்கிற நார், முழுசாக அறுந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டா ஏழு மாதம் நடந்தாய்?" என்றார். அறுவை சிகிச்சைக்கு அம்மாவின் வளையல் போனது. எந்த அமைப்பும் உதவிக்கு வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குதித்து இறங்குகிற, சட்டென்று திரும்புகிற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நார் அறுவது பல மடங்கு அதிகம். விளையாட்டு மருத்துவர்கள் இதை 1990-களிலிருந்தே சொல்லிவருகிறார்கள். இடுப்பின் அமைப்பு போன்ற காரணங்களை நாம் மாற்ற முடியாது. இறங்குகிற விதத்தை மாற்றலாம். முட்டி கால்விரல்களின் நேராக நிற்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. இடுப்பை மடக்கி, இரண்டு காலிலும் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். பின்தொடைத் தசைக்கு வலு ஏற்ற வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் பதினைந்து நிமிடம் இதைப் பழக்கினால் காயம் குறையும் என்பது பல நாடுகளில் பரிசோதித்துப் பார்த்த விஷயம். மருந்து மாத்திரை வேண்டாம், இயந்திரம் வேண்டாம், ஒரு சுவரும் பார்க்கத் தெரிந்த இரண்டு கண்களும் போதும்.

கல்யாணம், பிரசவம் பற்றியெல்லாம் நீட்டி எழுதப் போவதில்லை. 2007-ல் கல்யாணம், 2009-ல் மகன். 2011-ல் திரும்பி வந்தேன். குழந்தையைத் தோழியின் மடியில் வைத்துவிட்டு ஆடுகளத்தில் நின்று, வழக்கமான என் இடத்திலிருந்து பந்தைப் போட்டேன். விழுந்தது. "இரண்டுதான் அக்கா" என்றாள் ஒரு சின்னப் பெண். கீழே பார்த்தேன். மூன்று புள்ளிக் கோடு எனக்கு முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. நான் பிள்ளை பெற்றுத் திரும்புவதற்குள் 6.25 மீட்டர் 6.75 ஆகிவிட்டிருந்தது. வளையத்துக்குக் கீழே இருந்த சரிவகமும் செவ்வகமாகிவிட்டது. அந்த அரை மீட்டருக்காக இரண்டு வருடம் ஆடினேன். 2013-ல் ஒரு மாவட்டப் போட்டியின் அரையிறுதியில் நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். யாரும் அறிவிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றித் துணிப்பையில் போட்டேன், முடிந்தது. பையன்கள் ஓய்வு பெற்றால் கிளப்பில் உறுப்பினராவார்கள், பிறகு குழுவில் நுழைவார்கள், வயிறு வந்ததும் நடுவராவார்கள், நரை வந்தால் தலைவர். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களில் மூன்று பேரோடு நான் சின்ன வயதில் ஆடியிருக்கிறேன். பெண்கள் ஓய்வு பெற்றால் வீட்டுக்குப் போவார்கள். என்னோடு ஆடிய பன்னிரண்டு பேரில் ஒருத்தி உடற்கல்வி ஆசிரியை. மற்றவர்கள் திருப்பூரில், பல்லடத்தில், பெருந்துறையில், ஒருத்தி துபாயில். இவர்களில் ஒருவரையாவது ஒரு நாள், ஒரு மணி நேரம், பெண்பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடு என்று யாராவது கூப்பிட்டதுண்டா?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், இந்த மடலுக்குக் காரணமே அதுதான். என் மகன் உங்கள் கிளப்பில்தான் ஆடுகிறான். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பையன்களுக்கு. காலை ஐந்திலிருந்து ஆறரை வரை பெண்களுக்கு. (ஏன் காலை என்று கேட்டால் "அமைதியாக இருக்கும்" என்கிறீர்கள். ஐந்து மணிக்கு இருட்டும் இருக்கும்.) அன்று அவன் மறந்து வைத்துவிட்டு வந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் காலையில் போனேன். கம்பி வலைக்கு வெளியே நின்றேன். உள்ளே ஏழெட்டுப் பெண்கள். பிளஸ் ஒன் படிக்கிற ஒரு நெட்டைப் பெண், நல்ல கை, ஓடிவந்து எகிறி வளையத்துக்குப் பக்கத்தில் லே-அப் போட்டுவிட்டு இறங்குகிறாள். இறங்கும் ஒவ்வொரு முறையும் வலது முட்டி உள்ளே சாய்கிறது. ஒரு முறை இல்லை, பத்து முறை எண்ணினேன். பயிற்சி கொடுக்கிற தம்பி நல்ல பையன், உழைப்பாளி. "இன்னும் உயரமாக, இன்னும் உயரமாக" என்று கைதட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது அவள் ஏறுவதை. நான் பார்த்தது அவள் இறங்குவதை.

என் கை கம்பி வலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கத்த வாயெடுத்தேன். தறிச்சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரல் அது, மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் எந்த உரிமையில் கத்துவது? நான் யார் அங்கே? பாட்டில் எடுக்க வந்த ஒரு பையனின் அம்மா. வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டல் படிந்தது போல அது இன்னும் மனதில் கிடக்கிறது.

ஆகவே, பொன்னாடை வேண்டாம். ஒரு பொன்னாடை, ஒரு மாலை, என் பெயர் தப்பாக அச்சடித்த ஒரு கேடயம், இவற்றுக்கு ஆகிற பணத்தில் பெண்கள் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளி, ஒரு பல்பு வாங்கிப் போடுங்கள். மிச்சம் இருந்தால் ஒரு மூடி போட்ட குப்பைத்தொட்டி. எதற்கென்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

பெண்கள் இறுதி ஆட்டம் மதியம் மூன்று மணி, ஆண்கள் இறுதி ஆட்டம் இரவு எட்டரை மணி, மின்னொளியில் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். மே மாதத்து மூன்று மணி சிமெண்ட் தரையில் நீங்கள் யாராவது உள்ளங்கையை ஊன்றிப் பாருங்கள். "பெண்பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீட்டுக்குப் போக வேண்டாமா" என்று செயலாளர் அண்ணன் கேட்பார், தெரியும். பனியன் கம்பெனி வேன் இரவு ஒன்பது மணிக்குப் பெண்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுப் போகிற சீமை இது. வேலைக்கென்றால் இருட்டு பயமில்லை, ஆட்டத்துக்கென்றால் மட்டும் பயமா? ஒரு வேன் பிடியுங்கள். நன்கொடையாளர் பட்டியலில் வேன் வைத்திருப்பவர்கள் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள், எனக்கு எல்லோரையும் தெரியும்.

முக்கியமானது வேறு. பெண்கள் அணியின் பெஞ்சில் ஒரு பெண் உட்கார வேண்டும். விதிப்படி ஓர் அணிக்குப் பயிற்சியாளரோடு உதவிப் பயிற்சியாளரும் உட்காரலாம், அந்த இரண்டாவது இடம் நம் ஊரில் பெரும்பாலும் காலியாகவோ யாருடைய மைத்துனராலோ நிரம்பியிருக்கிறது. அதை எங்களுக்குக் கொடுங்கள். பயிற்சி கொடுக்கிற தம்பியை அனுப்பிவிடச் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த புதிய உத்திகள் எனக்குத் தெரியாது. அவர் ஏறுவதைப் பார்க்கட்டும். மேசையில் ஸ்கோர் எழுத, கடிகாரம் பிடிக்க, 24 விநாடி பார்க்கப் பழைய ஆட்டக்காரிகளைக் கூப்பிடுங்கள். வீட்டுக் கணக்கும் தறிக் கணக்கும் சீட்டுக் கணக்கும் பார்க்கிறவர்கள், உங்கள் ஸ்கோர் ஷீட்டில் கூட்டல் தவறு வராது. நடுவர் தேர்வு எழுத விருப்பமுள்ளவர்கள் என்னோடு ஆடியவர்களில் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்டதில்லை, அதுதான் ஒரே குறை.

இன்னொன்று, சின்ன விஷயம். ஆடுகளத்தின் வடக்கு முனையில், புதிய பெயிண்டுக்கு அடியில் பழைய சரிவகக் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. பொன்விழாவுக்காகத் தரையைச் சுரண்டிப் புதிதாகப் பூசப் போவதாகக் கேள்விப்பட்டேன். சுரண்டுவதற்கு முன்னால் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். அது என் ஆசைக்காக மட்டும்தான், வேறு காரணம் இல்லை.

விழாவுக்கு வருவேன். மதியம் இரண்டு மணிக்கே வந்துவிடுவேன், ஷூ போட்டுக்கொண்டு. அத்தையும் வருகிறேன் என்கிறார், அவருக்கு மட்டும் நிழலில் ஓர் இடம் பாருங்கள். மேடைப் பக்கம் நான் வர மாட்டேன், ஒலிபெருக்கியில் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். பெண்கள் அணியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். பந்தலுக்கு வாடகைக்கு எடுக்கிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போதும். அந்த நெட்டைப் பெண்ணின் வார்ம்-அப்பில் பதினைந்து நிமிடம் எனக்கு ஒதுக்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லிவையுங்கள். விசில் கொண்டுவர வேண்டியதில்லை, மாஸ்டரின் விசில் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய 11-ம் எண்

பின்குறிப்பு: அழைப்பிதழை இன்னொரு முறை அச்சடிப்பதாக இருந்தால் என் அப்பாவின் இனிஷியலைப் போடுங்கள். அது என்ன எழுத்து என்று மறந்துவிட்டால் பெயரையே விட்டுவிட்டு, ஒரு முஷ்டியும் ஒரு விரலும் படமாகப் போட்டுவிடுங்கள். சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.